புய்யாப்ளை வண்டி

மதில்களுக்கு நடுவே போகும் அந்தச் சின்ன இடவழியில் எந்தப் பெண்ணின் புருஷன் எப்போது வருகிறான் என்பது எல்லோருக்கும் தெரியும். தெரியாமல் இருக்க வழியில்லை. தலசேரி மாப்பிளமார் வீடுகளில் பெண் புகுந்த வீட்டுக்குப் போவதில்லை. புருஷன்தான் பொழுது சாய்ந்தால் பெண்டாட்டி வீட்டுக்கு வருவான், மாடியில் அவனுக்கென்று ஒதுக்கிய அறையில் படுப்பான், வெளுத்ததும் தன் ஜோலிக்குப் போய்விடுவான். தலை நரைத்துப் பேரன் எடுத்தாலும் அந்த வீட்டுக்கு அவன் புய்யாப்ளைதான். மற்ற புய்யாப்ளைமார் செருமிக்கொண்டு வருவார்கள், ஸ்கூட்டரில் வருவார்கள், குடையை உதறி மடக்கிக்கொண்டு வருவார்கள். மாயின்குட்டியின் மகள் ஜஸ்னாவைக் கட்டிய ரிஷாத் மட்டும் ஊரைக் கூட்டிக்கொண்டு வருவான்.

ரிஷாதுக்கு டவுனில் கார் உதிரிபாகங்கள் விற்கும் கடை. வண்டிப் பைத்தியம். தன் வெள்ளைக் காரின் சைலன்சர் பெட்டியை அறுத்தெடுத்துவிட்டு அந்த இடத்தில் வெறும் குழாயை வெல்டிங் வைத்திருந்தான். அந்தியில் மஃரிப் பாங்கு சொல்லும்போது இடவழி முக்கில் திரும்புவான். முதலில் வயிற்றுக்குள் உருளுவது போல ஒரு டுப்டுப்டுப். அப்புறம் கியரைக் குறைத்து ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுப்பான்; பட், பட், படார் என்று வெடிக்கும். இரண்டு பக்கமும் ஆளுயரத்துக்கு மேல் செங்கல் மதில் என்பதால் சத்தம் வெளியே போக வழியில்லாமல் வீடுகளுக்குள் ஏறும். பக்கத்து வீட்டுக் கதீசு, "ஜஸ்னாவோட ஆளு வந்தாச்சு, அடுப்பைப் பத்த வைங்க" என்று மருமகளிடம் சொல்வாள். அவளுக்கு அது கடிகாரம்.

மாயின்குட்டிக்கு அது எரிச்சல். அவர் கடப்புறத்தில் மீன் ஏலம் விளிக்கிறவர். விடியற்காலையிலிருந்து கவிழ்த்த பெட்டி மேல் ஏறி நின்று மத்திக்கும் அயிலைக்கும் தொண்டை கிழியக் கத்துகிறவருக்கு வீட்டில் வேண்டியது ஒன்றே ஒன்றுதான், நிசப்தம். கல்யாணமாகி எட்டு மாசம் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார். வடகரையிலிருந்து தங்கச்சி வீட்டு ஆட்கள் விருந்துக்கு வந்த அன்றைக்குப் பொறுமை போய்விட்டது. தொட்டிலில் தூங்கிய கைக்குழந்தை அந்தப் படாரில் முழித்து வீறிட்டது. வந்திருந்த மச்சான் வேறு, "என்ன மாயினே, உங்க வீட்ல கோயில் மாதிரி தினமும் வெடி வழிபாடு உண்டா?" என்று கேட்டுச் சிரித்தார்.

ரிஷாத் உள்ளே வந்து சலாம் சொல்லி உட்கார்ந்தான். தட்டில் நெய்ச்சோறு விழுந்தது. மாயின்குட்டி ஏலக்குரலில் ஆரம்பித்தார்.

"எடா ரிஷாதே, அது வண்டியா, வயித்தால போற எருமையா? எட்டு மாசமா இந்தச் சத்தத்தைக் கேக்கறேன். இது குடும்பம் இருக்கிற வீடு. அந்தக் குழாயைக் கழட்டிப் போட்டுட்டு வர்றதா இருந்தா வா. இல்லாட்டி வராதே!"

அவர் குரல் அடுப்படிக்குப் போயிற்று, மதில் தாண்டிக் கதீசுவின் அடுப்படிக்கும் போயிற்று. புய்யாப்ளையை அப்படிப் பேசுகிறவர்கள் அந்த ஊரில் கிடையாது. புய்யாப்ளை கேட்டால் கொடுக்கலாம், கேட்காவிட்டாலும் கொடுக்கலாம், வராதே என்று மட்டும் சொல்லக் கூடாது. சொன்ன வாய்க்கே அது உடனே தெரிந்துவிட்டது. ரிஷாத் சிரித்தான். நாலு வாய் சாப்பிட்டான். கைகழுவி மாடிக்குப் போனான். விடிந்ததும் போனவன் அப்புறம் வரவில்லை.

முதல் இரண்டு நாள் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. மூன்றாவது நாள் கதீசு துவைகல்லில் ஏறி நின்று மதில் மேலாகத் தலையை நீட்டினாள்.

"சைனபா, புய்யாப்ளைக்கு உடம்பு சரியில்லையா?"

"கடையில கணக்கு முடிக்கறாங்களாம்" என்றாள் மாயின்குட்டியின் மனைவி சைனபா.

"ஆனி மாசத்துலயா கணக்கு முடிக்கறாங்க?" என்று கதீசு ஆச்சரியப்பட்டுக்கொண்டே தலையை இழுத்துக்கொண்டாள்.

மழை பிடித்துக்கொண்டது. விசைப்படகுகள் கடலுக்குப் போகத் தடை. கடப்புறத்தில் சின்னத் தோணிகள் கொண்டுவரும் நாலைந்து கூடைதான் ஏலத்துக்கு வந்தது. விளித்து முடித்துக் காலை எட்டு மணிக்கே மாயின்குட்டி வீட்டுக்கு வந்துவிடுவார். வந்து என்ன செய்ய? வீட்டில் ஜஸ்னாவின் முகத்தைப் பார்க்க வேண்டியிருந்தது. அவள் அழவில்லை, சண்டை போடவில்லை. போனில் ரிஷாதிடம் பேசினாள். "வர்றேன்னு சொல்றாரு. ஒரு ஜோலி இருக்காம், முடிச்சுட்டு வருவாராம்" என்று மட்டும் சொன்னாள்.

"நீங்க ஒரு வார்த்தை பேசினா போதும்" என்றாள் சைனபா. "இந்தாங்க போன்."

"நான் என்ன பேச? வயசுக்கு மூத்தவன் ஒண்ணு சொன்னா பொறுத்துக்க வேண்டியதுதான்."

"அது உங்க மகன்னா பொறுத்துக்குவான். இது புய்யாப்ளை. நேர்ல ஒருதரம் போயிட்டு வாங்களேன்."

"பொண்ணோட உப்பா அவங்க படியேறிப் போகணுமா? எங்க குடும்பத்துல யாரும் போனதில்லை."

"உங்க குடும்பத்துல யாரும் வராதேன்னும் சொன்னதில்லை" என்று சொல்லிவிட்டு சைனபா உள்ளே போய்விட்டாள்.

அவருக்குப் போக ஆசைதான். உண்மையைச் சொன்னால், செருப்பை மாட்டிக்கொண்டு முக்கு வரைக்கும் ஒருதரம் போனார். அங்கே நின்று, என்ன சொல்வது என்று நினைத்துப் பார்த்தார். ஆயிரம் பேர் முன்னால் வாய் ஓயாத மனுஷனுக்கு, தப்பு என்னுடையது என்கிற ஒரு வார்த்தைக்கு நாக்கு எழும்பவில்லை. பீடி வாங்கிக்கொண்டு திரும்பி வந்தார்.

மஃரிப் நேரம்தான் கொடுமை. பாங்கு கேட்கும். பிறகு மழை கேட்கும். வேறொன்றும் கேட்காது. அந்த நிசப்தத்தில் இடவழி முழுக்கக் காது கொடுத்துக்கொண்டிருப்பதாக அவருக்குத் தோன்றும். பள்ளிவாசலில் ஒருவர், "உங்க வீட்டுப் பக்கம் இப்ப அமைதி" என்றார். நல்ல எண்ணத்தில்தான் சொன்னாரோ என்னவோ, மாயின்குட்டிக்குச் செருப்பால் அடித்தது போல இருந்தது. இன்னும் கொஞ்ச நாள் போனால் ஜஸ்னாவின் உறவு முறிந்துபோய்விட்டது என்று ஊரே முடிவு கட்டிவிடும். ஊர் முடிவு கட்டினால் ரிஷாத் வீட்டாரும் முடிவு கட்டிவிடுவார்கள். இந்த ஊரில் பல கல்யாணங்கள் அப்படித்தான் முடிந்தன. யாரும் அறுக்கவில்லை, பேசிப் பேசியே அறுந்துபோயின.

அப்போதுதான் அவருக்கு அந்தப் புத்தி வந்தது. புத்தி என்று சொல்லக் கூடாது, வேறு வார்த்தை கிடைக்காததால் சொல்கிறேன்.

வீட்டு முற்றத்தில் தார்ப்பாய்க்கு அடியில் ஒரு பழைய ஜென் கார் கிடந்தது. மாயின்குட்டி வளைகுடாவுக்குத் திரும்பிப் போன யாரோ ஒருவரிடம் ஆசைப்பட்டு வாங்கி, இரண்டு மழைக்காலம் ஓட்டி, பிறகு மறந்துபோன வண்டி. பேட்டரி மாற்றி, கட்டியிழுத்து, தர்மடம் ரோட்டில் இருக்கும் ஷினோஜின் பட்டறைக்குக் கொண்டுபோனார்.

ஷினோஜ் கீழே படுத்து டார்ச் அடித்துப் பார்த்தான்.

"மாயின்குட்டிக்கா, சைலன்சர் உப்புக்காத்துல அரிச்சுப்போச்சு. புதுசு போட்டுரலாம். பூனை மாதிரி போகும்."

"பூனை வேண்டாம்."

"பின்ன?"

மாயின்குட்டி சுற்றும் முற்றும் பார்த்தார். "சத்தம் வேணும்."

ஷினோஜ் வண்டிக்கு அடியிலிருந்து தலையை மட்டும் வெளியே நீட்டினான். "யாருக்கு?"

"எனக்குத்தான்."

"எந்த மாதிரி சத்தம்? கனமா, மூக்கால பாடுற மாதிரியா? பையன்மாரு யூட்யூப்ல காட்டுவாங்க, இது மாதிரி வேணும்னு. நீங்க எதைப் பாத்தீங்க?"

பார்த்ததை எப்படிச் சொல்வது? மாயின்குட்டி தொண்டையைச் செருமினார். வாயைக் குவித்து, "டுப்டுப்டுப்" என்றார். "இல்லை, இன்னும் கொஞ்சம் கீழே. டுபுடுபுடுபு. அப்புறம் காலை எடுக்கும்போது பட், பட்..." கையை வீசி, "படார்!" என்றார். ஐம்பத்தெட்டு வயசு, தலையில் தொப்பி, தோளில் துண்டு. டயர் பஞ்சர் ஒட்ட வந்த ஒருவர் நின்று பார்த்தார்.

ஷினோஜ் சிரிக்கவில்லை. எழுந்து உட்கார்ந்து கையைத் துடைத்துக்கொண்டான்.

"இக்கா, அது ரிஷாத் வண்டி. நான் வச்ச பைப்பு அது."

மாயின்குட்டி தொப்பியைக் கழற்றி மறுபடி மாட்டிக்கொண்டார்.

"அவனுக்கு ஒண்ணும் ஆகலியே?"

"அவன் சுகமா இருக்கான். நீ வைக்கறியா, நான் வேற பட்டறை பாக்கட்டுமா?"

ஷினோஜ் வைத்தான். பெட்டியை அறுத்துக் கீழே தள்ளினான், குழாயை வளைத்துப் பிடித்து வெல்டிங் இழுத்தான். ஸ்டார்ட் செய்தபோது தகர டப்பாவில் கல்லைப் போட்டுக் குலுக்குவது போல இருந்தது. "இது இல்ல" என்றார் மாயின்குட்டி. இன்னும் பருமனான குழாய் மாற்றினான். "இப்ப கிட்ட வந்துட்டே. ஆனா அவனோடது இவ்வளவு ஈளை இழுக்காது." குழாயின் வாய்க்குள் இரும்பு நாரைத் திணித்துப் பார்த்தான், பாதியை உருவினான். காலையிலிருந்து சாயங்காலம் வரைக்கும் அந்த மனுஷன் கண்ணை மூடிக்கொண்டு சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார். எட்டு மாசம் வெறுத்துக் கேட்ட சத்தம் அவருக்கு அணுஅணுவாகத் தெரிந்திருந்தது. கடைசியில் ஒரு தடவை ஷினோஜ் ஆக்சிலேட்டரை விட்டபோது பட், பட், படார் என்றது. மாயின்குட்டி கண்ணைத் திறந்தார்.

"அதேதான்" என்றார்.

அன்றைக்கு மஃரிப் பாங்குக்கு ஆண்களெல்லாம் பள்ளிவாசலில் இருந்தார்கள். பெண்கள் மழைக்குக் கதவைச் சாத்தியிருந்தார்கள். ஜென் வண்டி இடவழிக்குள் திரும்பியது. மாயின்குட்டி கியரைக் குறைத்துக் காலை எடுத்தார். மதில்கள் அதிர்ந்தன. கதீசு வீட்டிலிருந்து, "வந்துட்டான், வந்துட்டான்!" என்று சத்தம் கேட்டது. வேலை பலித்துவிட்டது என்ற சந்தோஷத்தில் அவர் தன் வாசலில் நிறுத்தினார்.

சைனபா குடையோடு கேட்டைத் திறக்க ஓடிவந்தாள். அவளுக்குப் பின்னால் ஜஸ்னா. மாடியிலிருந்து படிக்கட்டை ஒரே மூச்சில் இறங்கியிருக்க வேண்டும், மூச்சு வாங்கியது. ஓடிவருகிற அவசரத்திலும் தலையில் போடும் தட்டத்தை மாற்றிக்கொண்டு, ஒரு கண்ணுக்கு மட்டும் மை எழுதியிருந்தாள்.

வண்டியிலிருந்து உப்பா இறங்கினார்.

ஜஸ்னா அவரைப் பார்த்தாள், வண்டியைப் பார்த்தாள், பின்பக்கம் புகை விடும் குழாயைப் பார்த்தாள். அவளுக்கு விளக்கம் தேவைப்படவில்லை. தட்டத்தின் நுனியால் மை எழுதிய ஒற்றைக் கண்ணைத் துடைத்துக்கொண்டு மேலே போய்விட்டாள். மண்ணுக்குள் புதைந்துவிடலாம் போலிருந்தது மாயின்குட்டிக்கு.

"என்ன காரியம் பண்ணினீங்க!" என்றாள் சைனபா பல்லைக் கடித்துக்கொண்டு. அப்போது மதிலுக்கு அந்தப் பக்கமிருந்து கதீசுவின் குரல் வந்தது.

"சைனபா, புய்யாப்ளை வந்தாச்சா?"

சைனபா புருஷனைப் பார்த்தாள். மழையைப் பார்த்தாள். "ம்" என்றாள்.

"அல்ஹம்துலில்லா! என்ன பொரிக்கறே?"

"அரிக்கடுக்கா" என்றாள் சைனபா. சொல்லிவிட்டதால் பொரிக்க வேண்டியதாயிற்று. கல்லுமக்காய்ச் சிப்பி ஓட்டுக்குள் அரிசி மாவு அடைத்து வேகவைத்து, மிளகாய் பூசி எண்ணெயில் போட்டாள். வாசனை மதில் தாண்டிப் போனது. புருஷனும் பெண்டாட்டியும் எதிரெதிரே உட்கார்ந்து புய்யாப்ளைக்கான பலகாரத்தைத் தின்றார்கள். தவிட்டைத் தின்பது போல இருந்தது. ஜஸ்னா சாப்பிட வரவில்லை.

இதோடு நிறுத்தியிருக்கலாம். ஜஸ்னாதான் மாடிப்படியில் நின்றுகொண்டு சொன்னாள், குரலில் ஒன்றும் காட்டாமல்.

"உப்பா, வந்தவரு காலைல போகவும் வேணும்ல?"

அது குத்தலா, யோசனையா என்று மாயின்குட்டிக்கு விளங்கவில்லை. யோசனை என்றே எடுத்துக்கொண்டார். விடியற்காலையில் சுபஹுத் தொழுகைக்குப் பிறகு டுப்டுப்பென்று கிளம்பிக் கடப்புறத்துக்குப் போனார். வண்டியை அங்கே ஐஸ் கம்பெனி ஓரத்தில் விட்டுவிட்டு, ஏலம் முடிந்ததும் மழையில் நடந்து வீடு வந்தார். சாயங்காலம் மறுபடி நடந்து போய் ஓட்டி வந்தார். தினமும் இதுதான். கடப்புறத்தில் கிண்டலுக்குக் குறைவில்லை.

"மாயின்குட்டிக்கா, ரேஸுக்கா?"

"சைலன்சர் அரிச்சுப்போச்சுடா."

"எங்க வண்டியும்தான் அரிச்சுப்போச்சு, இவ்வளவு ராகமா பாட மாட்டேங்குதே!"

பள்ளிவாசலில், "மஃரிபுக்கு உங்களைக் காணோமே?" என்று கேட்டார்கள். கால் வலி என்று பொய் சொன்னார். தொழுகையை விட்டுவிட்டுப் பொய்யை ஓட்டிக்கொண்டு வருகிறோம் என்று அவருக்கே தெரிந்தது. ஆனால் கதீசு இப்போது கேள்வி கேட்பதில்லை. இடவழி திருப்தியாக இருந்தது. ஜஸ்னாவின் பேர் காப்பாற்றப்பட்டுவிட்டது என்று அவர் தன்னையே சமாதானப்படுத்திக்கொண்டார். அதே நாட்களில்தான் ரிஷாத் போன் எடுப்பதையும் நிறுத்தினான். ஜஸ்னா அடித்து அடித்துப் பார்த்தாள். மணி போயிற்று, எடுக்கவில்லை. அவள் அதை உப்பாவிடம் சொல்லவில்லை. உம்மாவிடம் சொன்னாள், உம்மா சுவரைப் பார்த்துக்கொண்டு கேட்டாள்.

தினம் இரண்டு நேரம் மழையில் நடந்ததில் மாயின்குட்டிக்குக் காய்ச்சல் வந்தது. அன்றைக்குக் காலையில் எழுந்திருக்க முடியவில்லை. "புய்யாப்ளைக்கு இன்னைக்கு லீவா?" என்று கேட்டுக்கொண்டே ஜஸ்னா அவருக்குக் கஞ்சி கொண்டுவந்து வைத்தாள். வண்டி முற்றத்திலேயே நின்றது.

பிற்பகல் அஸர் தொழுகை முடிந்து மழை கொஞ்சம் ஓய்ந்திருந்தபோது மூசான் ஹாஜி வந்தார். ரிஷாதின் தாய்மாமா, அவர்கள் குடும்பத்துக்கே மூத்தவரான காரணவர். வெள்ளை வேட்டியில் சேறு படாமல் தூக்கிப் பிடித்துக்கொண்டு படியேறினார். மாயின்குட்டி போர்வையோடு எழுந்து வந்தார். சமாதானம் பேச வந்துவிட்டார்கள் என்று மனசு குதித்தது. சைனபா சாயாவும் வாழைப்பழத்தில் செய்த உன்னக்காயும் கொண்டுவந்து வைத்தாள். ஹாஜி தொடவில்லை.

"மழை எப்படி?" என்றார் ஹாஜி.

"குறைவில்லை."

"மீன்?"

"மத்தி கொஞ்சம் வருது."

ஹாஜி தாடியைத் தடவினார். அவருக்கும் சொல்ல வந்தது கஷ்டமாக இருந்தது.

"மாயின்குட்டி, நாம பழைய ஆளுங்க. நான் சுத்தி வளைக்கலை. எங்க பையன் நீங்க கோபப்பட்ட அன்னையிலேர்ந்து எங்க வீட்லதான் படுத்துத் தூங்கறான். என் தங்கச்சிதான் அவனுக்குச் சோறு போடறா."

"தெரியும் ஹாஜி. அது என்னோட..."

"இருங்க. முந்தாநாள் உங்க இடவழிக்காரி ஒருத்தி கல்யாண வீட்ல என் தங்கச்சியைப் பாத்து, 'இப்பல்லாம் உன் மகன் ஒருநாள் தவறாம வர்றான், சந்தோஷம்'னு சொல்லியிருக்கா. மஃரிபுக்கு வர்றானாம், சுபஹுக்குப் போறானாம்." ஹாஜி குரலைத் தாழ்த்தினார். "எங்க பையன் வரலை. அப்ப உங்க வீட்டுக்குத் தினமும் வந்து தங்கிட்டுப் போறது யாரு?"

மாயின்குட்டிக்கு முதலில் கேள்வியே புரியவில்லை. புரிந்தபோது காய்ச்சல் உடம்பு சில்லிட்டுப்போயிற்று. சைனபா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள். மகளின் பேரைக் காப்பாற்ற எழுப்பிய சத்தம் அவள் தலையிலேயே விழுந்துவிட்டது. ஊருக்குக் காது மட்டும்தான் உண்டு என்று நினைத்தாரே தவிர, அந்தக் காதுகளுக்குப் பின்னால் வாயும் இருக்கிறது என்பதை ஏலக்காரர் மறந்துபோனார்.

வடகரை மச்சான் வந்தார், அவர் மகன் வந்தான் என்று சொல்லிவிட்டிருக்கலாம். ஒரு கணம் அது நாக்கு நுனிவரை வந்தது. நிமிர்ந்தபோது மாடிப்படித் திருப்பத்தில் ஜஸ்னா நிற்பது தெரிந்தது. எல்லாவற்றையும் கேட்டிருந்தாள்.

மாயின்குட்டி போர்வையை உதறிவிட்டு முற்றத்தில் இறங்கினார். தார்ப்பாயை இழுத்துப் போட்டார். கேட்டை இரண்டு பக்கமும் அகலத் திறந்து வைத்தார். வண்டியில் ஏறிச் சாவியைத் திருகினார். காலை அழுத்தி அழுத்தி விட்டார். டுப்டுப்டுப், பட், பட், படார். பட்டப்பகலில் புய்யாப்ளை வண்டிச் சத்தம் கேட்டு இடவழியின் எல்லா வாசல்களும் திறந்தன. கதீசு மாவுக்கையோடு ஓடிவந்தாள்.

"நான்தான்!" என்று கத்தினார் மாயின்குட்டி. வண்டியை அணைக்க அவருக்குத் தோன்றவில்லை. அதனால் சத்தத்துக்கு மேலே கத்த வேண்டியிருந்தது. "தினமும் வந்தது நான்தான்! போனதும் நான்தான்! என் பொண்ணைப் பாக்க ஒருத்தனும் வரலை! நான் புய்யாப்ளையை வராதேன்னு சொன்னேன், அவன் வரலை! அது உங்களுக்குத் தெரியக் கூடாதுன்னு இதை வச்சேன்! கேட்டுக்குங்க எல்லாரும்!"

கதீசு மாவுக்கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். எங்கோ யாரோ ஒருத்தர் சிரித்து, உடனே நிறுத்திக்கொண்டார். ஹாஜி வராந்தாவில் நின்று கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

முக்கிலிருந்து ஓர் ஆள் வேகமாக நடந்து வந்தான். ரிஷாத். மாமாவைக் கொண்டுவந்து விட்டுவிட்டு வெளியிலேயே காத்திருந்தவன். கேட்டுக்குள் வந்து, கையை ஜன்னல் வழியே விட்டு அவனே சாவியைத் திருப்பி அணைத்தான். திடீரென்று இடவழியில் ஓடைத்தண்ணீர் ஓடுவது கேட்டது.

"உப்பா, இறங்குங்க. காய்ச்சல் அடிக்குது உங்களுக்கு."

மாயின்குட்டி இறங்கவில்லை. ஸ்டீயரிங்கைப் பிடித்தபடியே கேட்டார், "உன் வண்டிச் சத்தம் எங்கடா? நீ வந்ததே கேக்கலை."

ரிஷாத் தலையைக் குனிந்துகொண்டான். "கழட்டிட்டேன் உப்பா. நீங்க சொன்னீங்கல்ல. பழைய பெட்டி சரியா உக்காரலை, வேற வரவழைச்சு, கடையில வச்சு நானே மாத்தினேன். மாத்திட்டு அன்னைக்கே வந்தேன்."

"எங்கே வந்தே?"

"இங்கதான். மஃரிபுக்கு. முக்குல திரும்பும்போது எனக்கு முன்னாடி என் வண்டிச் சத்தம் உள்ள போகுது. வளைவுல நின்னு பாத்தேன். மதில்ல சிவப்பு லைட்டு. உம்மா குடை எடுத்துட்டு ஓடி வர்றாங்க, எனக்கு வர்ற மாதிரியே. நான் வண்டியைத் திருப்பிட்டேன்."

சைனபா, "படைச்சவனே" என்று தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"மறுநாளும் வந்தேன். அதுக்கடுத்த நாளும் வந்தேன். போன் எடுத்தா என்ன கேக்கறதுன்னு தெரியலை. அதான் எடுக்கலை."

மாயின்குட்டிக்கு இதற்கு மேல் குனிய இடமில்லை. அவர் வார்த்தையை மதித்துக் குழாயைக் கழற்றிவிட்டு வந்த பையனை, அவரே அந்தக் குழாயை மாட்டிக்கொண்டு வந்து விரட்டியிருக்கிறார். வண்டியிலிருந்து இறங்கினார். இறங்கி, வாசல்களில் நின்ற அத்தனை பேர் முன்னால் ரிஷாதின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"தப்பு என்னுது மோனே. எல்லாம் என்னுது. வராதேன்னு சொன்னதும், இதுவும்."

"விடுங்க உப்பா."

"அவளை ஒண்ணும் நினைக்காதே."

"இல்ல உப்பா."

"நினைச்சாரு."

ஜஸ்னா வராந்தாவுக்கு வந்திருந்தாள். பெண்கள் காரணவர் முன்னால் வந்து நிற்பது வழக்கமில்லை. நின்றாள்.

"மூணு நாள் வளைவுல நின்னீங்க" என்றாள் ரிஷாதைப் பார்த்து. "மூணு நாளும் என்ன நினைச்சுட்டுத் திரும்பினீங்க?"

ரிஷாத் முக்குப் பக்கம் திரும்பிப் பார்த்தான்.

"நான் போன் அடிச்சப்பல்லாம் என்ன நினைச்சுட்டு எடுக்காம இருந்தீங்க?"

"என்னைத் திட்டு மோளே" என்றார் மாயின்குட்டி. "பண்ணினது நான். அவனை ஏன் கேக்கறே?"

"உங்களைத் திட்ட என்ன இருக்கு உப்பா? நீங்க வெறும் சத்தம்தான் போட்டீங்க." அவள் குரல் முதல் முறையாக உடைந்தது. "இவரு அதை நம்பினாரு."

அவள் மாடிக்குப் போனாள். தாழ்ப்பாள் விழும் சத்தம் கீழே எல்லோருக்கும் கேட்டது.

என்ன நடந்தாலும் வந்த புய்யாப்ளையைச் சாப்பிட வைக்காமல் அனுப்ப முடியாது. சைனபா எழுந்து முகத்தைக் கழுவிக்கொண்டு அரிசிமாவில் பத்திரியைச் சுட்டாள், கறியைச் சூடாக்கினாள். ஹாஜி சாயாவை மட்டும் குடித்துவிட்டு, "உங்க பொண்ணு பேர்ல எங்களுக்கு ஒரு குறையும் இல்லை, நான் எல்லா இடத்துலயும் சொல்லிடறேன்" என்று சொல்லிவிட்டு நடந்தே போய்விட்டார். ரிஷாத் ஒற்றை ஆளாக மேஜை முன்னால் உட்கார்ந்தான். மாயின்குட்டி பக்கத்தில் நின்று தன் கையால் அவனுக்குக் கறி ஊற்றினார். ஊற்றிக்கொண்டே இருந்தார். பத்திரி கறியில் முங்கி ஊறிப்போயிற்று. அவன் தலையைத் தூக்காமல் அதைப் பிய்த்துப் பிய்த்துத் தின்றான்.

"உப்பா" என்றான் கடைசியில், மெல்ல. "நாளைக்கு நான் வரட்டுமா?"

அந்த ஊரில் எந்தப் புய்யாப்ளையும் கேட்டிராத கேள்வி. வரலாம் என்று சொல்ல மாயின்குட்டிக்கு வாய் துடித்தது. அவன் வராத நாட்களிலெல்லாம் அவனை வரவைத்துக்கொண்டிருந்தவர் அவர். இப்போது அந்த அதிகாரம் தன்னிடம் இல்லை என்று அவருக்குப் புரிந்தது.

"அதை நான் சொல்ல முடியாது மோனே" என்றார்.

இருவரும் மாடிப்படியைப் பார்த்தார்கள். சைனபா தோசைக்கல்லை இறக்கி வைத்துவிட்டு அவளும் பார்த்தாள். பிறகு மேலேயிருந்து, கதவைத் திறக்காமலே, ஜஸ்னாவின் குரல் வந்தது.

"நாளைக்கு வேண்டாம். எனக்குத் தோணும்போது நான் சொல்லி அனுப்பறேன்."

ரிஷாத் கை கழுவினான். துண்டை எடுத்துக் கொடுத்தது மாயின்குட்டி. கேட் வரைக்கும் கூடப் போனார். அவன் சலாம் சொல்லிவிட்டு முக்கை நோக்கி நடந்தான். வளைவுக்கு அப்பால் வண்டி எப்போது கிளம்பியது என்றே தெரியவில்லை. அன்றைக்கு அந்த வீட்டுப் புய்யாப்ளை போனது இடவழியில் யார் காதிலும் விழவில்லை. ஆனால் கதீசு உட்பட எல்லோரும் வாசலில் நின்று பார்த்தார்கள்.